அலர்ஜி டெஸ்டுக்கு முன்னால் சளி சிரப் பாட்டிலைத் திருப்பிப் படியுங்கள்

தோலில் அலர்ஜிப் பொருளின் சொட்டை வைத்து லேசாகக் குத்தி, தடிக்கிறதா என்று பார்க்கும் ப்ரிக் டெஸ்டுக்குத் தேதி கிடைக்க அவ்வளவு காத்திருந்துவிட்டு, எதுவும் நடக்காமல் திரும்பி வந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. ஆஸ்பத்திரியில் அலர்ஜி மாத்திரையை நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினோம். நடுவில் மகனுக்குச் சளி பிடித்ததால் அவர்களே முன்பு எழுதிக்கொடுத்த சிரப்பைக் கொடுத்தோம். அதில் குளோர்ஃபெனிரமைன் இருந்தது. அதுவும் அந்த அலர்ஜி மாத்திரை போலத் தடிப்பை அடக்கும் ஆன்டிஹிஸ்டமின்தான். சோதனையில் ஒப்பீட்டுக்காக ஹிஸ்டமின் (அலர்ஜியின்போது உடம்பே சுரக்கும் பொருள்) சொட்டு ஒன்று வைப்பார்கள், அந்த இடம் கட்டாயம் தடிக்க வேண்டும். இவனுக்கு அதுவே தடிக்கவில்லை. அது தடிக்காவிட்டால் மற்றவை தடிக்காததற்கும் அர்த்தம் கிடையாது. "சளி மருந்தும் கூடாதுன்னு யாரும் சொல்லலையா?" என்று நர்ஸ் எங்களையே கேட்டார். சொல்ல வேண்டியது யாராம்?

தேதி வாங்கும்போதே வீட்டிலுள்ள எல்லா மருந்துகளின் லேபிளையும் காட்டி, எதை எத்தனை நாள் முன்னால் நிறுத்துவது என்று எழுதி வாங்கிவிடுங்கள். பெரும்பாலும் ஒரு வாரம் சொல்வார்கள். நிறுத்தவே முடியாத பிள்ளைக்கு ரத்தத்தில் ஐஜிஇ என்ற அலர்ஜி எதிர்ப்புப் புரதத்தின் அளவைப் பார்க்கலாம், அதை இந்த மருந்துகள் பாதிக்காது.

ஆனால் அந்த ரத்தப் பரிசோதனையில்தான் நாங்கள் முதலில் சிக்கினோம். வேர்க்கடலை சாப்பிட்டு உதடு வீங்கிய பிள்ளைக்கு வேர்க்கடலையை மட்டும் பார்க்காமல், நீளமான ஒரு பட்டியலையே பார்த்தார் முதல் டாக்டர். பால், கோதுமை, சோயா, எள், முட்டை என்று எல்லாவற்றிலும் ஏதோ ஒரு எண். "எல்லாத்தையும் நிறுத்திடுங்க" என்றார். தினமும் பாலும் கோதுமையும் சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருந்த பையன்! எடை குறைய ஆரம்பித்த பிறகுதான் அலர்ஜி நிபுணரிடம் போனோம். அவர் ரிப்போர்ட்டை ஓரமாக வைத்துவிட்டு, எதைச் சாப்பிட்டான், எவ்வளவு நேரத்தில் என்ன ஆனது என்றுதான் கேட்டார். எண் கூடியிருந்தால் உடம்பு அந்தப் பொருளை அடையாளம் கண்டுவைத்திருக்கிறது, அவ்வளவுதான். சாப்பிட்டால் ஒத்துக்கொள்ளாது என்று ஆகிவிடாது. அதிலும் கரப்பான் (எக்ஸிமா என்ற தோல் அரிப்பு நோய்) உள்ள பிள்ளைக்கு, ஒத்துக்கொள்ளும் உணவைக் காரணமில்லாமல் நிறுத்தினால் பின்னால் நிஜமான அலர்ஜியே வரலாமாம். பாலும் கோதுமையும் அன்றே திரும்பி வந்தன.

மறுமுறை ப்ரிக் டெஸ்ட் ஒழுங்காக முடிந்தது. பிறகு ஆஸ்பத்திரியிலேயே வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பார்த்ததில், கேக்கில் நன்றாக வெந்த முட்டை ஒத்துக்கொண்டது. அன்றைக்கு நான் அழுதுவிட்டேன். வேர்க்கடலை மட்டும் உறுதியாக ஆகாது.

நிறத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்களுக்குக் கொடுத்த கையேட்டில் இருந்த படமெல்லாம் வெளுத்த தோலில் சிவப்புத் தடிப்பு. என் மகன் நல்ல கறுப்பு. முதல் தடவை அவசரப் பிரிவில், "சிவக்கவே இல்லையே" என்று காத்திருக்க வைத்தார்கள். கறுத்த தோலில் தடிப்பு தோலின் நிறத்திலேயே இருக்கும், இல்லை இன்னும் கறுத்துத் தெரியும். விரலால் தடவினால் மேடு தட்டுப்படும், பக்கவாட்டில் வெளிச்சம் விழுந்தால் தெரியும். நான் ஜன்னலோரம் எடுத்து வைத்திருந்த போட்டோதான் நிபுணரிடம் கைகொடுத்தது. தோலில் ஒன்றுமே தெரியாமல் இருமல், குரல் கம்மல், வாந்தி, துவண்டு போவது என்றும் வரலாம். அப்போது சிரப்பைத் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. அட்ரினலின் பேனாவை (கடும் அலர்ஜிக்கான அவசர ஊசி) தொடையின் வெளிப்பக்கம், துணிக்கு மேலேயே குத்திவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். பிள்ளையை எழுந்து நடக்க விடவும் கூடாது.

பள்ளிக்கூடம் தனிக் கதை. டாக்டர் கையெழுத்துப் போட்ட அவசரத் திட்டத்தை அலுவலகத்தில் கொடுத்தால், முத்திரை இல்லை என்று கிளார்க் திருப்பினார். முத்திரையோடு போனால் போட்டோ இல்லையாம். எல்லாம் சேர்த்துக் கொடுத்து, பேனா எங்கே இருக்கும் என்று கேட்டேன். பூட்டிய அலமாரியில். சாவி? தலைமையாசிரியையிடம். அவர் அன்று லீவு. "அப்போ இப்ப என் பையனுக்கு மூச்சுத் திணறினா என்ன பண்ணுவீங்க?" என்றேன். பதில் இல்லை. இப்போது பேனா வகுப்பிலேயே, ஆசிரியை கைக்கெட்டும் உறையில் இருக்கிறது. கூடவே, சானிடைசர் கடலைப் புரதத்தைப் போக்காது, கைகளைச் சோப்புப் போட்டுத்தான் கழுவ வேண்டும் என்று எழுதி ஒட்டவைத்தேன்.

வீட்டில் மாமியார், "கொஞ்சம் கொஞ்சமா குடுத்தா பழகிடும்" என்பார். மூத்தவனுக்கு அதை வீட்டில் செய்து பார்ப்பது ஆபத்து. ஆனால் சின்னவள் விஷயத்தில் அவர் சொன்னதுதான் சரி. கடும் கரப்பானோ முட்டை அலர்ஜியோ இருந்த 640 கைக்குழந்தைகளை வைத்து லண்டனில் நடந்த லீப் ஆய்வு 2015இல் வெளியானது. சீக்கிரமே வேர்க்கடலை சாப்பிடத் தொடங்கியவர்களுக்கு ஐந்து வயதில் கடலை அலர்ஜி சுமார் 80 சதவீதம் குறைவு. மூன்று வயது வரை கடலையைக் காட்டாதே என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் பழைய அறிவுரை 2008லேயே கைவிடப்பட்டுவிட்டது. மூத்தவனுக்கு எங்களிடம் அதையேதான் சொன்னார்கள், அது வேறு ஆத்திரம். சின்னவளுக்கும் கரப்பான் இருந்ததால் டாக்டரைக் கேட்டுக்கொண்டு, ஆறு மாதத்துக்குள் கடலை விழுதைத் தண்ணீராகக் கரைத்துக் கொடுத்தோம். முழுக் கடலை கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். ஒருமுறை கொடுத்து நிறுத்தாமல் வாராவாரம் கொடுக்கிறோம். நன்றாகச் சாப்பிடுகிறாள், பிறகு வாயையும் கையையும் கழுவிவிட்டுத்தான் அண்ணன் பக்கம் விடுகிறோம்.

பேனாவின் காலாவதித் தேதியை போனில் நினைவூட்டலாகப் போட்டு வையுங்கள். பள்ளிப் படிவத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டுமாம். கிளார்க்கும் அதே கிளார்க்தான். இந்தத் தடவை முத்திரை, போட்டோ எல்லாவற்றோடும் நகல் எடுத்துத் தயாராக வைத்திருக்கிறேன்.