முடியாத வரைபடங்களைக் காட்டும் இடம்

கொழும்பில் கட்டமைப்புப் பொறியியலாளராக இருப்பவர்களுக்குத் தொடர் தொழில்சார் விருத்தி என்றதும் நினைவுக்கு வருவது விரிவுரை மண்டபமும் வாசலில் வைத்திருக்கும் கையொப்பத் தாளும்தான். விஜேராம மாவத்தையிலுள்ள இலங்கைப் பொறியியலாளர் நிறுவகத்தில் நல்ல விரிவுரைகள் பலவற்றைக் கேட்டுப் பயனடைந்திருக்கிறேன். ஆனால் மண்டபம் எதுவானாலும், கையொப்பமிட்டுத் தேநீர் குடித்துவிட்டு, காலி வீதி நெரிசலைச் சாட்டி எழுந்துபோகும் ஒரு கூட்டம் எப்போதும் உண்டு. அவர்களை முழுதாகக் குறைசொல்லவும் முடியாது. எவ்வளவு சிறந்த விரிவுரையும், நாம் போட்ட கணக்கில் ஓட்டை எங்கே என்று சொல்லாது. அதற்கு நம் வரைபடத்தை விரித்துப் பார்க்க ஆட்கள் வேண்டும்.

எனக்கு அத்தகையவர்கள் கிடைத்தது, இலண்டனிலுள்ள கட்டமைப்புப் பொறியியலாளர் நிறுவனத்தின் பட்டயத் தகுதித் தேர்வுக்கு ஆயத்தமான காலத்தில். அப்போது அந்தத் தேர்வு ஏறக்குறைய ஏழு மணித்தியாலம் நீளும். புத்தகங்களை உள்ளே கொண்டுபோகலாம், புரட்டத்தான் நேரம் கிடைக்காது. ஒரே கட்டடத்துக்கு உண்மையாகவே வேறுபட்ட இரண்டு தீர்வுகளை முன்வைத்து, அவற்றில் ஒன்றைக் காரணத்தோடு தெரிவுசெய்ய வேண்டும். பிறகு உரிமையாளர் இடைநடுவில் ஒரு மாற்றம் கேட்டதாக வைத்துக்கொண்டு, அதன் விளைவை அவருக்கு விளங்கும்படி கடிதமாக எழுத வேண்டும். கட்டடக் கணக்குகளைப் போடும் ஈடாப்ஸ் மென்பொருளில் பழகிய எங்களுக்கு வெறுந்தாளில் பென்சிலால் சுமைப் பாதையை, அதாவது சுமை மேலிருந்து நிலம்வரை இறங்கும் வழியை, வரைவது பெரும்பாடாக இருந்தபடியால், வெள்ளவத்தையில் நண்பர் ஒருவரின் வீட்டில் சனிக்கிழமை மாலைகளில் கூடத் தொடங்கினோம். பேராதனையிலும் மொறட்டுவையிலும் படித்தவர்களே அதிகம். எங்களோடு ஓய்வுபெற்ற மூத்த பொறியியலாளர் ஒருவரும் வந்து அமர்வார். வயது வித்தியாசம் பாராமல் எல்லோரும் அவரை அண்ணை என்றே அழைத்தோம்.

வெள்ளவத்தைக் காணிகள் ஒடுக்கமானவை என்பது தெரிந்ததே. மேலே அறைகளுக்கு ஏற்றபடி தூண்களை வைத்தால் கீழே வாகனம் திரும்ப இடமிராது. ஆகவே மேல்தளத் தூண்களை முதலாம் மாடியில் நிறுத்தி, ஆழமான ஒரு பீம் மூலம் சுமையைப் பக்கத்துத் தூண்களுக்கு மாற்றுவது இங்கே அன்றாட வேலை. எங்களில் இளையவர் ஒருவர் அலுவலகத்தில் செய்துகொண்டிருந்த அத்தகைய கட்டடம் ஒன்றின் கோட்டுப்படத்தை ஒருநாள் கொண்டுவந்தார். அண்ணை ஒரு தூணின்மேல் விரலை வைத்து, “தம்பி, இந்தக் கொலம் கீழை எங்கை போய் நிக்குது?” என்றார். ஒரு பீமில் என்று பதில் வந்தது. “அந்தப் பீம்?” அது இன்னொரு பீமில். “அது?” மூன்றாவது பீமின் முனை மின்தூக்கிச் சுவரில், அதுவும் கதவுக்காக விட்ட திறப்புக்கு நேர்மேலே போய் உட்கார்ந்திருந்தது. கணினியில் எல்லா உறுப்புகளும் தேறியிருந்தன. ஆனாலும் இத்தனை மாடிகளின் சுமை இவ்வளவு சுற்றிவளைத்து இறங்குவது ஏன் என்று அங்கே யாரும் கேட்டிருக்கவில்லை. அண்ணை திட்டவுமில்லை, விடை சொல்லவுமில்லை. அழிறப்பரை மட்டும் எடுத்துக் கொடுத்தார். வாகனத் தரிப்பிடத்தின் ஒழுங்கைச் சற்று நகர்த்தியதில், அந்த மாலை முடிவதற்குள் ஒரு பீம் தேவையற்றுப் போனது.

கற்றல் ஒருவழிப் பாதையாகவும் இருக்கவில்லை. பிரித்தானியா 2010இல் கொங்கிறீற்றுக் கட்டமைப்புகளுக்கான தன் பழைய பிஎஸ் 8110 நியமத்தை விலக்கிக்கொண்ட பின்னர், யூரோகோட் என்ற ஐரோப்பிய நியமத் தொகுதி இங்கும் மெல்ல மெல்ல வந்தது. அதில் எங்கள் கைதான் ஓங்கியிருந்தது. பீம் இல்லாமல் தூண்களில் நேரே அமரும் தட்டைத் தளத்தைத் தூண் துளைத்துக்கொண்டு போகாமலிருக்கப் பார்க்கும் சோதனையில், பழைய நியமம் தூண் முகத்திலிருந்து தளத்தின் பயனுறு ஆழத்தின் (கம்பியிலிருந்து எதிர்ப்பக்க மேற்பரப்பு வரையிலான ஆழம்) 1.5 மடங்கு தூரத்தில் செவ்வகச் சுற்றளவொன்றை எடுக்கும். யூரோகோட்டின் கொங்கிறீற்றுப் பகுதியான யூரோகோட் 2 அதையே 2 மடங்கு தூரத்தில், வளைந்த மூலைகளுடன் எடுக்கும். இரண்டிலும் அனுமதிக்கும் தகைப்பு வேறு என்பதால் தூரத்தை மட்டும் ஒப்பிட்டு எது பாதுகாப்பானது என்று சொல்ல முடியாது. அண்ணை இதை எங்களிடம் கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டார். பதிலுக்கு, விதிகளுக்குப் பின்னால் இருந்த கதைகள் அவரிடமிருந்து வந்தன. ஒரு பகுதி உடைந்தாலும் மற்றவை தொடர்ந்து சரியாதபடி தளங்களைச் சுற்றிப் பிணைப்புக் கம்பி ஓடவேண்டும் என்று நாங்கள் மனப்பாடமாக எழுதிக்கொண்டிருந்தபோது, 1968 மே 16 அன்று கிழக்கு இலண்டனில் ரோனன் பொயின்ற் என்ற 22 மாடிக் கட்டடத்தின் 18ஆம் மாடியில் எரிவாயு வெடித்து, ஒரு மூலை முழுவதும் சரிந்து நால்வர் இறந்ததை அவர் சொன்னார். அந்த விபத்துத்தான் பிரித்தானிய நியமங்களுக்குள் பிணைப்பு விதிகளைக் கொண்டுவந்தது.

நம்மிடம் பஞ்சமாக இருப்பது இந்த மாதிரியான கதைகள்தான். 2017 மே மாதம் வெள்ளவத்தையில் கட்டடமொன்று இடிந்து விழுந்தபோது நாங்கள் எல்லோரும் அதையே பேசினோம். சில கிழமைகளில் பேச்சு அடங்கிவிட்டது. இடியாமல் மயிரிழையில் தப்பியவை பற்றியோ அலுவலகத்துக்கு வெளியே ஒருவரும் வாய் திறப்பதில்லை. வேலை போய்விடும், வழக்கு வரும் என்ற பயம் நியாயமானதே. பிரித்தானியாவில் 2005இலிருந்து இயங்கும் குரொஸ் என்ற இரகசிய அறிக்கையிடல் முறையில், அனுப்பியவரின் பெயரையும் கட்டடத்தின் அடையாளத்தையும் நீக்கிவிட்டு, நடந்ததையும் நடக்கவிருந்ததையும் எல்லோரும் படிக்கும்படி வெளியிடுகிறார்கள். தொழில்சார் விருத்திச் சான்றிதழுக்கான மணித்தியாலங்களை எண்ணுவதில் நாம் காட்டும் அக்கறையில் பாதியை இதில் காட்டினாலே போதும் என்பது என் எண்ணம்.

தேர்வு முடிந்த பின்னும் எங்கள் கூட்டம் கலையவில்லை; வெளிநாடு போனவர்களின் இடத்துக்குப் புதியவர்கள் வந்திருக்கிறார்கள். இப்போது ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். கட்டுமான இடத்தில் கண்ட தவறான கம்பிக் கட்டு, குழாய்க்காகத் தூணருகே கேட்காமல் வெட்டிய துளை, அத்திவாரத்துக்கு நிலத்தடித் தூணான பைல் இறக்கியபோது பக்கத்து வீட்டுச் சுவரில் ஓடிய வெடிப்பு என்று ஒவ்வொருவரும் கண்டதை, இடமும் பெயரும் இல்லாமல், கோட்டுப்படத்தோடு அதில் எழுதுகிறோம். புதிதாக வருபவர் முதல் மாலையில் அதைத்தான் படிக்கிறார்; தன் வரைபடத்தை விரிப்பது அதற்கு அடுத்த கிழமை.