அம்பாசிடருக்கு எலக்ட்ரானிக் ஸ்பீடோமீட்டர்: முள் ஒருவழியாக அடங்கியது

போன ஞாயிற்றுக்கிழமை சென்னை ஈ.சி.ஆரில் (கிழக்குக் கடற்கரைச் சாலையில்) 80-இல் பிடித்துக்கொண்டு போனேன். முள் 80-லேயே நின்றது. ஆட்டம் இல்லை, துள்ளல் இல்லை. இன்ஜின் மாற்றிய பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சந்தோஷம் புரியும்.

வண்டி மார்க் 2 அம்பாசிடர். 1489 சி.சி. பி.எம்.சி. இன்ஜினை இறக்கிவிட்டு, பின்னாளில் வந்த அம்பாசிடர் 1800 ஐ.எஸ்.இசட். மாடலின் இஸுஸு இன்ஜினையும் அதன் ஐந்து கியர் பெட்டியையும் ஏற்றியிருக்கிறேன். அதெல்லாம் பலரும் செய்ததுதான், விட்டுவிடுகிறேன். மீட்டர்தான் பாக்கி இருந்தது. பழைய மீட்டர், கேபிள் இத்தனை சுற்று சுற்றினால் இவ்வளவு தூரம் என்ற கணக்கில் செய்தது. கியர் பெட்டியும் டயரும் மாறிய பிறகு அந்தக் கணக்குக்கு அர்த்தமே இல்லை. அதனால் தேக்குப் பலகை டாஷ்போர்டில் 85 மி.மீ. ஓட்டை போட்டு, பல்ஸில் (சென்சார் அனுப்பும் மின்துடிப்பில்) ஓடும் எலக்ட்ரானிக் மீட்டரை உட்கார வைத்தேன்.

ஏன் ஜி.பி.எஸ். மீட்டர் வாங்கவில்லை என்று கேட்பீர்கள். பிரேக் போட்டால் முள் தாமதமாக இறங்குகிறது, மேம்பாலத்துக்கு அடியில் போனால் சிக்னல் தடுமாறுகிறது. சக்கரத்தோடு நேரடியாகப் பேசும் மீட்டர்தான் எனக்கு வேண்டும்.

மீட்டரோடு வந்த சென்சாரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நான்கு குட்டிக் காந்தம், காந்தத்தை உணரும் ஒரு ஹால் சென்சார், கொஞ்சம் பசை. ப்ரொபெல்லர் ஷாஃப்டில் (கியர் பெட்டியிலிருந்து பின் ஆக்சிலுக்குப் போகும் சுழல்தண்டில்) காந்தத்தை ஒட்டிக்கொள்ளுங்கள் என்று ஒரு துண்டுச்சீட்டு. நெடுஞ்சாலை வேகத்தில் சுற்றும் ஷாஃப்டில் பசையை நம்பி யார் காந்தம் ஒட்டுவார்கள்? சாதாரண நியோடிமியம் காந்தம் 80 டிகிரியைத் தாண்டினால் வலு இழக்கும், பக்கத்திலேயே சைலன்ஸர் குழாய் போகிறது. போதாததற்கு இரும்புத் தூளும் சேறும் அதில் அப்பிக்கொள்ளும். விற்பவர்கள் கொஞ்சமாவது யோசித்து அனுப்பியிருக்கலாம்.

காந்தமே வேண்டாம் என்று முடிவு செய்தேன். பின் ஆக்சிலின் நடுவில் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியலோடு ஷாஃப்ட் சேரும் ஃபிளாஞ்சில் (இணைப்புத் தட்டில்) நான்கு போல்ட் நட்டுகள் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கின்றன. தொழிற்சாலை இயந்திரங்களில் இருக்கிற ப்ராக்ஸிமிட்டி சென்சாருக்கு இரும்பு எதிரே வந்தாலே போதும். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும். வாங்கும்போது தெளிவாகக் கேளுங்கள்: எம்-12 (12 மி.மீ. மரை), டி.சி., மூன்று ஒயர், என்.பி.என்., நார்மலி ஓப்பன், 4 மி.மீ. தூரம் உணர்வது. இரண்டு ஒயர் ஏ.சி. சென்சாரைக் கையில் திணிக்கப் பார்ப்பார்கள், அது இந்த வேகத்துக்கு எட்டாது. என் வண்டியில் 100 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 250 பல்ஸ் வரும்.

இனி பிராக்கெட். பின் ஆக்சில் லீஃப் ஸ்பிரிங்கில் மேலும் கீழும் ஆடுவது. பிராக்கெட்டை பாடியில் மாட்டினால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் இடைவெளி மாறும். அதை டிஃபரன்ஷியல் மூக்கின் போல்டிலேயே மாட்டினால் ஆக்சிலோடு சேர்ந்து ஆடும், இடைவெளி அப்படியே இருக்கும். 5 மி.மீ. தகட்டில் வெட்டி, எல் வடிவத்தில் மடித்து, மூலையில் ஒரு விலா வைத்து வெல்டு செய்தேன். அந்த விலா முக்கியம், மெல்லிய தகடு அதிர்ந்தால் முள்ளும் அதிரும். சென்சார் ஷாஃப்டுக்கு இணையாக, நட்டின் முகத்தைப் பார்க்கிற மாதிரி நிற்க வேண்டும். இடைவெளி வைக்க ஃபீலர் கேஜ்கூட (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) தேவையில்லை. எம்-12 சென்சாரின் மரை ஒரு சுற்றுக்கு 1 மி.மீ. நகரும். நட்டில் லேசாக இடிக்கும்வரை திருகி, இரண்டு சுற்று பின்னால் எடுத்து இரண்டு பக்கமும் நட் போட்டு இறுக்கினால் சரியாக 2 மி.மீ. சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றினால் சென்சாரின் பின்னால் விளக்கு மின்னி மின்னி அணையும். நான்கு நட்டுக்கும் ஒரே மாதிரி மின்னினால் வேலை முடிந்தது.

பழுப்பு ஒயர் பாசிட்டிவ், நீலம் எர்த், கறுப்பு சிக்னல். கறுப்புக்கும் பாசிட்டிவுக்கும் நடுவில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர். என் மீட்டரின் பல்ஸ் ஒயர் 12 வோல்ட் தாங்கும், உங்களுடையது 5 வோல்ட்டா என்று முதலில் பாருங்கள். சிக்னலுக்கு ஷீல்டு ஒயர் போட்டு, ஷீல்டை மீட்டர் பக்கம் மட்டும் எர்த் செய்தேன். இக்னிஷன் காயிலுக்குப் பக்கத்தில் சாதாரண ஒயர் போனால், நின்ற இடத்திலேயே ஆக்சிலரேட்டரை மிதித்தாலும் முள் குதிக்கும். மின் குறுக்கீட்டைக் குறைக்கும் கார்பன் பிளக் ஒயரும் போட்ட பிறகு அது சுத்தமாக அடங்கிவிட்டது.

ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை பல்ஸ் என்று மீட்டருக்குச் சொல்ல வேண்டும். அந்தக் கணக்கில் ஒரு நுணுக்கம். டிஃபரன்ஷியல் விகிதம் (சக்கரம் ஒரு சுற்று ஓட ஷாஃப்ட் எத்தனை சுற்று) பார்க்க ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினால், அது இரண்டு சுற்று சுற்றினால்தான் இரண்டு சக்கரமும் ஒரு சுற்று ஓடியதற்குச் சமம். இதைக் கவனிக்காவிட்டால் விகிதம் பாதியாக வரும். நான் சக்கரத்தை 20 சுற்று (10-க்குச் சமம்) சுற்றினேன், ஷாஃப்ட் நாற்பத்தைந்தரை சுற்று சுற்றியது. அதாவது 4.55. டயரில் சாக்பீஸ் கோடு போட்டு வண்டியைத் தள்ளினால் ஒரு சுற்றுக்கு 2.02 மீட்டர். கிலோமீட்டருக்கு 495 சுற்று, அதை 4.55-ஆலும் நட்டுகளின் எண்ணிக்கையான 4-ஆலும் பெருக்கினால் சுமார் 9010 பல்ஸ். ஈ.சி.ஆரில் போனின் ஜி.பி.எஸ். 80 காட்டும்போது மீட்டர் 81 காட்டியது. 9120 என்று மாற்றினேன், சரியாக உட்கார்ந்தது.

பழைய மீட்டரைக் கழற்றும் முன் அதில் இருந்த கிலோமீட்டரை எழுதி வைத்துவிட்டேன். மீட்டரையும் பத்திரமாக வைத்திருக்கிறேன். பழைய வண்டி உதிரிபாகச் சந்தையான புதுப்பேட்டையில் அதற்கு நல்ல விலைக்குக் கேட்டார்கள், கொடுக்க மனம் வரவில்லை.

ஆக்சில் பக்கம் ஒயருக்கு இன்னும் நெளிகுழாய் போடவில்லை, இப்போதைக்கு பிளாஸ்டிக் டேக் கட்டித் தொங்குகிறது. அதற்குள் மனம் ஆர்.பி.எம். மீட்டருக்குப் போய்விட்டது. அதற்குச் சென்சாரே வேண்டாம், காயிலின் நெகட்டிவிலிருந்து எடுக்கலாம், நான்கு சிலிண்டருக்கு ஒரு சுற்றுக்கு இரண்டு பல்ஸ். அப்புறம் பெட்ரோல் கேஜ். பழைய டேங்க் மிதவையின் ஓம் (மின்தடை) கணக்கு புது கேஜோடு ஒத்துப்போகாது. மிதவையை மாற்றுவதா, நடுவில் ஒரு சர்க்யூட் வைப்பதா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். டேங்கைக் கழற்றாமல் செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.