மூன்று கோப்புகளில் கிடந்த ஒரே நோய்

என் தங்கைக்கு வந்திருப்பது சூசாக் நோய்க்குறி என்று உறுதியாவதற்குள், கோலாலம்பூரில் நாங்கள் ஏறி இறங்காத கிளினிக் இல்லை. மூளை, விழித்திரை, உட்செவி ஆகியவற்றின் நுண்ணிய இரத்தக் குழாய்களை உடலின் எதிர்ப்பாற்றலே தாக்கி அடைத்துவிடும் மிக அரிய நோய் இது. அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ஜான் சூசாக் 1979இல் இதை விவரித்தார். 20 முதல் 40 வயது வரையிலான பெண்களிடமே அதிகம் காணப்படுகிறது. அறிகுறிகள் மூன்றும் சேர்ந்தாற்போல் வருவதில்லை என்பதோடு, ஒவ்வொன்றும் நம்மை வெவ்வேறு மருத்துவரிடம் அனுப்பிவிடுகிறது என்பதும்தான் இதில் உள்ள சிக்கல்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியையான தங்கைக்கு முதலில் வந்தது விடாத தலைவலி. ஒற்றைத் தலைவலி என்று மாத்திரை கொடுத்தார்கள். பிறகு, முதல் நாள் நடத்திய பாடத்தையே மறுநாளும் புதிதாக நடத்தத் தொடங்கினாள், காரணமில்லாமல் அழுதாள். வேலைப்பளு என்றார்கள் உறவினர்கள். பத்துமலைக்கு நேர்ந்துகொள்ளச் சொன்னார் பெரியம்மா. இடையே காதில் இரைச்சல் தொடங்கியது. செவிப்பரிசோதனையில் தாழ்ந்த சுருதி ஒலிகள்தான் அவளுக்குக் கேட்கவில்லை என்று தெரிந்தும், அந்தத் தாள் காது மருத்துவரின் கோப்போடு நின்றுவிட்டது.

குழப்பம் முற்றியபோது எடுத்த எம்ஆர்ஐ படத்தில் வெண்புள்ளிகள் தெரிந்ததால், மூளை, முதுகுத்தண்டு நரம்புகளின் உறையை எதிர்ப்பாற்றல் தாக்கும் மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் நோய் என்று முடிவு செய்து ஸ்டீராய்டு ஏற்றினார்கள். அவள் சற்றுத் தெளிந்ததும் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால், ஸ்டீராய்டு இரண்டு நோய்களையும் ஓரளவு தணிக்கக்கூடியது என்பதால், அந்தத் தெளிவை வைத்து எதையும் உறுதிப்படுத்தியிருக்க முடியாது. முதுகுத்தண்டு நீரில் புரதம் மிகுந்திருந்தும், மல்டிபிள் ஸ்கிலிரோசிஸ் நோயாளிகளில் பெரும்பாலோருக்குத் அந்த நீரில் தென்படும் ஒலிகோகுளோனல் பட்டைகள் எனும் எதிர்ப்புப் புரதத் தடயங்கள் இல்லாததை அப்போது யாரும் பெரிதுபடுத்தவில்லை.

"அக்கா, இடது கண்ணுல கீழ்ப்பாதி கறுப்பாத் தெரியுது" என்று அவள் சொன்ன அன்றுதான் வழி திறந்தது. விழித்திரைத் தமனியின் கிளையொன்று அடைபட்டிருப்பதைப் பார்த்த கண் மருத்துவர், இந்த வயதில் இப்படி நேர்வது வழக்கமில்லையே என்று யோசித்துவிட்டு, "காது எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். கண் மருத்துவரிடமிருந்து நான் சற்றும் எதிர்பாராத கேள்வி அது. வீட்டிலிருந்த செவிப்பரிசோதனைத் தாளின் நகலை மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அடுத்து ஃபுளோரசின் ஆஞ்சியோகிராம் எடுத்தார்கள். கையிலுள்ள இரத்தக் குழாயில் மஞ்சள் சாயத்தைச் செலுத்தி, அது விழித்திரைக் குழாய்களில் ஓடும்போதே அடுத்தடுத்துப் படம் பிடிக்கும் சோதனை இது. தோல் மஞ்சள் பூத்து, சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்ததால் நாங்கள் பதறவில்லை. கறுப்புத் திரையில் அடைப்பு இருந்த இடத்தை மட்டுமல்லாமல், அதற்கு வெகுதொலைவில், நன்றாக இருப்பதாகத் தோன்றிய குழாய்ச் சுவர்களும் சாயம் கசிந்து ஆங்காங்கே பளிச்சென்று ஒளிர்வதை மருத்துவர் பேனா முனையால் காட்டினார். கொழுப்போ இரத்தக்கட்டியோ வந்து அடைத்திருந்தால் சுவர் இப்படிக் கசியாது என்று அவர் விளக்கியது எனக்கே புரிந்தது.

அதன்பின் நரம்பியல் மருத்துவர் பழைய எம்ஆர்ஐ படத்தையே மீண்டும் எடுத்துப் பார்த்தார். மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் கார்ப்பஸ் கலோசத்தின் நட்டநடுவில் உருண்டையான புள்ளிகள் இருந்தன. மருத்துவர்கள் இவற்றைப் பனிப்பந்துகள் என்கிறார்கள். மல்டிபிள் ஸ்கிலிரோசிஸில் புள்ளிகள் பெரும்பாலும் அதன் கீழ்விளிம்பை ஒட்டியே அமையும். படம் முதலிலிருந்தே கையில் இருந்தது. கண்ணையும் காதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் அது பேசியது.

சிகிச்சை உடனே மாறியது. மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை மீண்டும் அதிக அளவில் ஏற்றி, எதிர்ப்புப் புரதமான இம்யூனோகுளோபுலினும் கொடுத்து, எதிர்ப்பாற்றலை அடக்கும் மைக்கோஃபினோலேட் மாத்திரையை நீண்டகாலத்துக்குத் தொடங்கினார்கள். முகம் உப்பியது, சர்க்கரை ஏறியது. இரண்டும் மருந்தைக் குறைக்கக் குறைக்க இறங்கின. நினைவு பெருமளவு திரும்பிவிட்டது. இழந்த செவித்திறன் திரும்பவில்லை, கருவி பொருத்தியிருக்கிறாள். பார்வை தெளிவாக இருக்கும்போதும் குழாய்ச் சுவர் கசியக்கூடும் என்பதால், ஆஞ்சியோகிராமைக் குறித்த இடைவெளிகளில் மறுபடி எடுக்கிறார்கள். மூன்று துறைகளின் முடிவுகளையும் இப்போது நானே ஒரே கோப்பில் கோத்து, எந்த மருத்துவரைப் பார்க்கப் போனாலும் முழுவதையும் மேசைமேல் வைத்துவிடுகிறேன்.