வைவா தேதி வந்துடுச்சா? இத படிச்சிட்டு போங்க

நம்ம ஊர் பிஹெச்டி வைவா, அதாவது தீசிஸ் (ஆய்வேடு) குடுத்தப்புறம் நடக்குற வாய்மொழி தேர்வு, கதவ சாத்திக்கிட்டு நடக்குறது இல்ல, பப்ளிக் வைவா, டிபார்ட்மென்ட் ஸ்காலர்ஸ், பக்கத்து காலேஜ் வாத்தியாருங்க எல்லாரும் வந்து உக்காருவாங்க, அவங்களும் கேள்வி கேக்கலாம். 2022 யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிப்படி கைடும் (ஆய்வ வழிநடத்துற பேராசிரியர்) வெளி எக்ஸாமினர் குறைஞ்சது ரெண்டு பேரும் தீசிஸ மதிப்பிடணும், அந்த வெளி ஆளுங்கள்ல ஒருத்தராவது வைவா போர்டுல இருப்பாங்க, ஆன்லைன்லயும் நடத்தலாம்.

பிபிடி ஸ்லைடுங்கள அழகு பண்றதுலயே ராத்திரி முழுக்க உக்காராதீங்க. எக்ஸாமினர் ரிப்போர்ட்ல இருக்குற கேள்விங்க தான் முக்கியம், ஒவ்வொன்னுக்கும் பதில் எழுதி, தீசிஸ்ல அந்தந்த பக்கத்துல கலர் ஸ்டிக்கர் ஒட்டி வச்சுக்கோங்க, கேட்ட உடனே பக்கத்த திருப்பி காட்டுனா அந்த தெம்பே வேற. "ஏன் இந்த சாம்பிள்?", "இதுல புதுசா என்ன சொல்லியிருக்கீங்க?" இந்த ரெண்டுக்கும் தூக்கத்துல எழுப்பி கேட்டாலும் பதில் வரணும். தெரியலன்னா சுத்தி வளைக்காம, "இது என் ஆய்வு எல்லைக்குள்ள வரல சார்"னு சொல்லிடுங்க.

அப்புறம் வைவாக்கு வர்றவங்களுக்கு செய்யற இந்த சால்வை, கிஃப்ட், தடபுடல் சாப்பாடு, இதுக்கெல்லாம் எந்த விதியும் கிடையாது, ஃபெல்லோஷிப் (ஆய்வு உதவித்தொகை) கூட இல்லாத புள்ளைங்க கடன் வாங்கி செய்யறத பாத்தா வயிறு எரியுது. தயவுசெஞ்சு யாரும் பண்ணாதீங்க, கைடுங்களும் எதிர்பாக்காதீங்க.