வைவாவுக்குப் படிக்கிறீர்களா? பொழுதுபோக்கை மூட்டை கட்டாதீர்கள்

இயற்பியலில் முனைவர் பட்டத் தகுதித் தேர்வு ரிசல்ட் வந்துவிட்டது. தேறிவிட்டேன். எழுத்துத் தேர்வில் மார்க் சுமார்தான், கரை சேர்த்தது வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. அதனால் இந்தக் குறிப்பு முழுக்க அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும். எழுத்துத் தேர்வில் கலக்கியவர்கள் வேறு இருக்கிறார்கள், அவர்களைக் கேளுங்கள்.

தேர்வுத் தேதி வந்த நாளிலிருந்து எல்லோரும் ஒரே பாட்டுதான். "கட்டுரை எழுதறது, கேமரா நோண்டறது எல்லாத்தையும் ஏறக்கட்டு." ஒரு சீனியர் இன்னும் ஒருபடி மேலே போய், "உனக்கு ஆராய்ச்சியே ஒரு ஹாபிதானே" என்றார். அதற்குச் சிரித்தவர்களின் பெயர்கள் எனக்கு நினைவிருக்கின்றன. சரி, போகட்டும்.

நான் எதையும் ஏறக்கட்டவில்லை. எழுதுகிற பழக்கத்தைப் படிப்புக்குள் இழுத்துக்கொண்டேன். ஒரு தலைப்பைப் படித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, இயற்பியல் தெரியாத ஒருவருக்கு ஒரு பக்கத்தில் அதை எழுத வேண்டும். எனக்கு வாய்த்த வாசகி அக்கா. 'எனவே' என்று நான் எழுதிய இடங்களையெல்லாம் பென்சிலால் வட்டமிட்டு, "எப்படிடா எனவே?" என்று கேட்பாள். அவள் வட்டமிட்ட பல இடங்களில் எனக்கே பதில் தெரியாது. வெப்ப இயக்கவியல் எனக்குப் புரிந்தது அந்த வட்டங்களால்தான்.

2006இல் ரோடிகர், கார்பிக்கி என்ற உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்ததில், பார்க்காமல் நினைவுபடுத்தி எழுதிப் பழகியவர்கள் முந்தினார்கள். வைவா ஐந்து நிமிடத்தில் வருவதில்லையே!

இனி பொழுதுபோக்கு. அட்டைப்பெட்டியில் ஊசித்துளைக் கேமரா (லென்ஸுக்குப் பதில் சின்னத் துளை) செய்வது என் பைத்தியம். வைவாவில் என் பதற்றத்தைத் தணிக்கத்தான் ஒருவர் "வேற என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார். நான் சொன்னதும் அடுத்தவர் நிமிர்ந்தார். "துளையைச் சின்னதாக்கிக்கிட்டே போனா படம் கூர்மையாகிக்கிட்டே போகுமா?"

"போகாது சார்." போர்டுக்குப் போனேன். துளை பெரிதாக இருந்தால் ஒரு புள்ளியின் பிம்பம் துளையின் அகலத்துக்குப் பரவும். சிறிதானால் விளிம்பு விளைவு வந்துவிடும், அதாவது ஒளி துளையின் விளிம்பில் வளைந்து பரவும். அந்தப் பரவல், அலைநீளத்தைப் பெட்டியின் ஆழத்தால் பெருக்கித் துளையின் விட்டத்தால் வகுத்த அளவு. இரண்டு பரவலும் சமமாகும் இடத்தில் விட்டம் என்பது அலைநீளம், ஆழம் இரண்டின் பெருக்கலுக்கு வர்க்கமூலம். பச்சை ஒளி 550 நானோமீட்டர், பெட்டி 10 செ.மீ. என்றால் ஏறக்குறைய 0.23 மி.மீ. இயற்பியலாளர் ராலே தந்த 1.9 என்ற கெழுவால் பெருக்கினால் 0.45 மி.மீ. "என் பெட்டியில் 0.4 சார்" என்றேன். அவர் சிரித்துவிட்டார்.

அங்கிருந்து தொலைநோக்கியின் பிரிதிறன், ஒற்றைப் பிளவு, ஹைசன்பர்க்கின் நிச்சயமின்மைத் தத்துவம் என்று பேச்சு நகர்ந்தது. எல்லாமே எனக்குப் பழகிய பேட்டை. பெரும்பாலான நேரம் அதிலேயே போய்விட்டது. நீங்கள் சொல்லும் பதிலில் இருந்துதான் அடுத்த கேள்வி முளைக்கிறது என்பதை யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

மற்றவை, சுருக்கமாக:

- வைவாவுக்காகப் புதிதாக ஒரு பொழுதுபோக்கைத் தொடங்காதீர்கள். இரண்டாவது கேள்வியிலேயே குட்டு உடைந்துவிடும்.
- போர்டில் எழுதிக்கொண்டே பேசிப் பழகுங்கள். உட்கார்ந்து பேசுவது வேறு, இது வேறு.
- முதலில் அளவின் படிநிலையை (பத்தா, நூறா, ஆயிரமா என்பதை) சொல்லுங்கள். துல்லியமான கெழுவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.
- தெரியாததைத் "தெரியாது, ஆனால் இப்படித் தொடங்குவேன்" என்று சொல்லுங்கள். வெறும் "தெரியாது" அங்கேயே நின்றுவிடும்.
- கூட்டுப் படிப்பு எனக்கு ஒத்துவராது. உங்களுக்கு ஒத்துவந்தால் தாராளமாகச் செய்யுங்கள்.
- முதல் நாள் இரவு புதிய தலைப்பு எதையும் திறக்காதீர்கள்.

கடைசியாக, என் அக்காவைப் போல நீங்கள் எழுதும் பக்கத்தைப் படிக்கும் வாசகர் துறைக்கு வெளியே இருக்க வேண்டும், கூச்சமில்லாமல் கேள்வி கேட்பவராகவும் இருக்க வேண்டும். லேப் நண்பர்கள் இதற்கு உதவமாட்டார்கள். அவர்களும் 'எனவே' என்றால் தலையாட்டிவிட்டுப் போகிறவர்கள்தான்.