முதலில் காலிபர், பிறகு ரைஃபிள்

ராணுவத்துக்கு ஒரு ரைஃபிள் வாங்க ஏன் இத்தனை வருஷம் ஆகிறது என்று ஊடகங்களில் அடிக்கடி கேட்கிறார்கள். காலாட்படையில் இருந்தபோது ஒரு ரைஃபிள் டிரையலில் சுடும் குழுவில் இருந்தவன் நான். எந்த வருஷம், எந்தக் கம்பெனி என்று எழுதப்போவதில்லை. அங்கே பார்த்ததிலிருந்து எனக்குப் புரிந்தது இதுதான்: காலிபர், அதாவது பாரல் துளையின் அளவும் அதற்கேற்ற தோட்டாவும், எது என்பதில் உறுதியாக நிற்காமல் ரைஃபிளைத் தேடுவதால்தான் இவ்வளவு இழுபறி.

வேலை தொடங்குவது சுடும் மைதானமான ரேஞ்சில் இல்லை, காகிதத்தில். ஜி.எஸ்.க்யூ.ஆர். என்று, ராணுவம் தனக்கு என்ன வேண்டும் எனச் சொல்லும் ஓர் ஆவணம் தயாராகும். எடை, நீளம், சுடும் தூரம், காலிபர் எல்லாம் அதில் இருக்கும். பிறகு டெண்டர், தொழில்நுட்ப மதிப்பீடு, அதற்குப் பிறகு களச் சோதனை. விலைப் பேச்சு கடைசியில்தான். கம்பெனி தன் செலவில் ரைஃபிளைக் கொண்டுவர வேண்டும். வாங்குவோம் என்று யாரும் வாக்குக் கொடுப்பதில்லை. காகிதத்தில் இல்லாத ஒன்றை ரேஞ்சில் நாங்கள் கேட்க முடியாது, இருப்பதை விட்டுக்கொடுக்கவும் முடியாது.

களச் சோதனையில் எனக்கு மிகவும் சிரமமாக இருந்தது சேறோ வெயிலோ இல்லை. ஸ்டாப்பேஜ் வந்ததும், அதாவது சுடும்போது ரைஃபிள் திடீரென நின்றதும், கையைச் சும்மா வைத்திருப்பதுதான். ரைஃபிள் நின்றால் காக் செய்து (போல்டைப் பின்னால் இழுத்துவிட்டு), பார்த்து, மறுபடி சுட வேண்டும் என்று ரெக்ரூட் காலத்திலிருந்து கை பழகியிருக்கிறது. டிரையலில் அப்படிச் செய்யக்கூடாது. கையைத் தூக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அதிகாரியும், ஆயுதம் பழுதுபார்க்கும் ஆர்மரரும் வந்து பார்ப்பார்கள். தோட்டா சேம்பருக்குள் ஏறவில்லையா, காலிக் கூடு வெளியே வரவில்லையா, மேகஸின் ஸ்பிரிங் தளர்ந்ததா, எத்தனையாவது ரவுண்டு என்று எல்லாம் பதிவாகும். நாம் தட்டிச் சரிசெய்துவிட்டால் அந்தக் கோளாறு பதிவில் வராமலே போய்விடும். நாளைக்கு எல்லையில் ஒருவன் கையில் அது வரும். அதனால் அந்தக் காத்திருப்பை நான் மிக முக்கியமாக நினைத்தேன்.

தோட்டாவை மாற்றியபோதுதான் என் கண் திறந்தது. கம்பெனி கொண்டுவந்த தோட்டாவில் குண்டுகளை நெருக்கமாக விழவைத்து அழகாகக் குரூப் அடித்த ஒரு ரைஃபிள், அதே காலிபரில் நம் கையிருப்புத் தோட்டாவைப் போட்டதும் முரண்டு பிடித்தது. காலிக் கூடுகள் சிக்கின, குரூப் விரிந்தது. தோட்டாவும் பழுதில்லை, ரைஃபிளும் பழுதில்லை. தோட்டாவுக்குள் உள்ள வெடிமருந்து எரியும் வேகம் மாறினால், பாரலில் உள்ள வாயுத் துளைக்கு வரும் அழுத்தம் மாறும், காலிக் கூட்டை வெளியே இழுக்கும் போல்ட் பின்னால் ஓடும் வேகமும் மாறும். வியட்நாமில் அமெரிக்கர்களின் எம்16 ஆரம்பத்தில் அப்படித் திணறியதற்கு, தோட்டாவின் மருந்து வகையை மாற்றியதும் ஒரு காரணம். காலிபர் எண் ஒன்றாக இருப்பது மட்டும் போதாது. ரைஃபிளும் தோட்டாவும் ஒரு ஜோடி. பிரித்து வாங்கினால் இந்தத் தொல்லை வரும்.

இனி காலிபர் கதைக்கு வருகிறேன். நான் சேர்ந்தபோது இருந்த ரைஃபிள் எஸ்.எல்.ஆர்.; தோட்டா 7.62×51. முதல் எண் துளையின் அளவு, இரண்டாவது கூட்டின் நீளம், இரண்டும் மில்லிமீட்டரில். பிறகு இன்சாஸ் ரைஃபிள் வந்தது, 5.56×45. காஷ்மீரில் பலர் விரும்பி எடுத்தது ஏ.கே., அதன் தோட்டா 7.62×39. எஸ்.எல்.ஆர். தோட்டா ஒன்று சுமார் 24 கிராம், ஏ.கே. தோட்டா சுமார் 16, இன்சாஸ் தோட்டா சுமார் 12. நூறு ரவுண்டு என்றால் 2.4 கிலோவுக்கும் 1.2 கிலோவுக்கும் உள்ள வித்தியாசம். மேலே ஏறும்போது அந்த ஒரு கிலோ, ஒரு தண்ணீர் பாட்டிலின் எடை. அந்த எடையைத் தாங்கினால் கிடைப்பது தூரமும் துளைக்கும் பலமும். எல்லைக் கோட்டில் எதிர்மலையைப் பார்த்து நிற்பவனுக்கு அது வேண்டும். தெருவிலும் வீட்டுக்குள்ளும் தேடுபவனுக்கு அதே ரைஃபிள் நீளம், எடை, உதை எல்லாம் சேர்ந்து சுமைதான். இரண்டு பேரின் தேவையும் நியாயமானது.

இரண்டையும் ஒரே ரைஃபிளில் அடக்கப் பார்த்தார்கள். பாரலை மாற்றி 5.56, 7.62×39 இரண்டையும் சுடும் ரைஃபிளுக்காக 2011இல் டெண்டர் விட்டார்கள். 2015இல் அது ரத்தானது. கேட்கச் சிறந்த யோசனைதான். ஆனால் பாரல் மாற்றிய பிறகு மறுபடி ஜீரோ செய்ய (குறிக்கு நேராகக் குண்டு விழும்படி சைட்டைச் சரிசெய்ய) வேண்டும், இரண்டு வகை மேகஸின் வேண்டும், கழற்றிய பாரலை, சிறு படைக்குழுவான செக்‌ஷனில் யார் தூக்குவது? சுட்டுப் பழகிய எவனும் இதைத்தான் முதலில் கேட்பான்.

அடுத்து மனசு 7.62×51 பக்கம் திரும்பியது. 2019இல் 72,400 எஸ்.ஐ.ஜி.716 ரைஃபிளுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். 2021 டிசம்பரில் அமேதி அருகே கோர்வாவில் தயாரிக்க ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஏ.கே.-203; அது 7.62×39. கையில் இன்சாஸும் இருக்கிறது. முன்வரிசைக்கு நீண்ட தூர ரைஃபிள், மற்ற பெரும்பான்மைக்கு ஏ.கே. என்று பிரித்ததை நான் சரி என்றே சொல்வேன். ஒரே ரைஃபிளில் எல்லாவற்றையும் தேடியதைவிட இது நேர்மையான முடிவு. அதற்கான சிரமத்தைச் சுமப்பது தோட்டா கொண்டுசேர்க்கும் சப்ளை ஆட்கள். 39க்கும் 51க்கும் பாரல் துளை எண் ஒன்றாகவே எழுதப்பட்டாலும் ஒன்றை மற்றதில் போட முடியாது. இருட்டில் தவறான பெட்டி ஒரு போஸ்டுக்கு ஏறிவிட்டால் அது அங்கே வெறும் எடை.

அமெரிக்க ராணுவம் 2022இல் 6.8×51 தோட்டாவைத் தேர்ந்தெடுத்தது. மார்புக் கவசங்கள் தடித்துவருவதால் நமக்கும் அந்தக் கேள்வி ஒருநாள் வரும். அப்போதாவது ஆவணத்தின் முதல் வரியில் தோட்டா இருக்கட்டும். அதைச் செய்யத் தொழிற்சாலை இருக்கிறதா என்று அதற்கு அடுத்த வரியில் கேட்கட்டும்.

டிரையலுக்குப் போகப்போகிற தம்பிகளுக்கு ஒரு வேலை சொல்கிறேன். ஒவ்வொரு ஸ்டாப்பேஜுக்கும் ரவுண்டு எண்ணோடு தோட்டாப் பெட்டியின் லாட் எண்ணையும் (எந்தத் தயாரிப்புத் தொகுதி என்று சொல்லும் எண்) எழுதச் சொல்லுங்கள். கோளாறு ரைஃபிளிலா தோட்டாவிலா என்று பின்னால் வாக்குவாதம் வரும்போது அந்த எண்தான் கைகொடுக்கும்.