கருமணலும் கேமராவின் முள்ளும்

கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மணல் கறுப்பு. இல்மனைட் என்னும் கருந்தாது கலந்த அந்த மணல் பத்து மணிக்கே காலைச் சுடும். என் முதல் கறுப்பு வெள்ளைச் சுருளை அங்கேதான் எடுத்தேன். பிரிண்டில் மணல் சிமென்ட் கொட்டிய களம்போலச் சாம்பலாக வந்தது. அலையின் நுரை ஒரே வெள்ளைத் திட்டு. பிறந்த ஊரை இப்படித் தப்பாகக் காட்டிவிட்டேனே என்று அன்றிரவு தூக்கம் வரவில்லை.

கேமரா சித்தப்பா தந்த பென்டாக்ஸ் கே1000. அதன் ஒளி மீட்டர், படச்சட்டம் முழுவதிலும் உள்ள வெளிச்சத்தைச் சராசரியாக அளந்து ஒரு முள்ளால் காட்டும். எதைக் காட்டினாலும், 18 சதவீத ஒளியைத் திருப்பும் நடுச்சாம்பல் என்றே எடுத்துக்கொள்ளும். கறுப்பு மணலைக் காட்டினால் "வெளிச்சம் போதவில்லை" என்று முள் கீழே இறங்கும். நான் அதை நம்பி, ஒளி நுழையும் லென்ஸ் துவாரத்தைத் திறந்துகொண்டே போயிருந்தேன்; அதனால்தான் கறுப்பு மணல் சாம்பலானது. வெறும் நுரையை மட்டும் அளந்திருந்தால் நேர்மாறாக, நுரையே சாம்பலாகியிருக்கும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மீண்டும் போனேன். அதே 100 ஐஎஸ்ஓ ஃபிலிம், மேகமில்லாத வெயில். மணலால் சட்டத்தை நிரப்பினேன்: 1/125 நொடிக்கு எஃப்/8 என்றது முள் (எஃப் எண் துவாரத்தின் அளவு; எண் கூடினால் துவாரம் சிறுக்கும்). இப்போது உள்ளங்கையை விரித்து, மணலில் விழும் அதே வெயிலில் நீட்டி, அது மட்டும் சட்டத்தில் நிறையும்படி அளந்தேன். கையின் நிழல் கையிலேயே விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். எஃப்/16இல் 1/250 வந்தது. உள்ளங்கை நடுச்சாம்பலைவிட ஏறத்தாழ ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்கு, வெளுப்பு. அதனால் ஒரு ஸ்டாப் ஒளியைக் கூட்டினேன்: எஃப்/16, 1/125. மணல் சொன்னதற்கும் இதற்கும் இரண்டு ஸ்டாப் வித்தியாசம்! அதன்பின் கேமராவைக் கறுப்பின் பக்கம் திருப்பியபோது முள் சரிந்தது. துவார வளையத்தைத் தொடவில்லை. வெயில் மாறாதவரை அதே அளவுதான்.

(வேலை முடிந்ததும் லென்ஸ் மூடியைப் போட்டுவிடுங்கள். இந்தக் கேமராவின் மீட்டருக்குத் தனிச் சுவிட்ச் கிடையாது. மூடாவிட்டால் பேட்டரி தீர்ந்துவிடும்.)

அன்று மீனவர்கள் கரைமடி வலையைக் கயிற்றால் கரைக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டாவது சட்டத்தில், மணல் கன்னங்கரேலென்று கிடக்கிறது. அதன்மேல் நனைந்த கயிற்றின் முறுக்கு ஒவ்வொன்றும் தெரிகிறது. கயிற்றைப் பற்றிய ஒரு முதியவரின் நரம்போடிய கையும் தெரிகிறது.